போடி மாமா வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி: அதன் வயசு என்ன, விலை என்ன?

போடி மாமா காலமான பிறகு, அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறீர்கள். "1857 கலகத்தில் சுட்டது, லட்சக்கணக்கில் போகும்" என்கிறான் ஒருவன். ஒரு தரகர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாராம். துப்பாக்கியை ஒப்படைத்து வைத்திருக்கிற மதுரைக் கடைக்குப் போன மாதம் மாமாவின் மகனோடு போய்ப் பார்த்து வந்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் கலகக் கதை. இது நடுவில் மடித்துத் திறந்து, பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கி. தோட்டாவின் அடியில் நடுவே இருக்கும் கேப்பில் அடித்தால் வெடிக்கும். இந்த நடுவெடி முறை இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்ததே 1861-க்குப் பிறகுதான். ஆகவே 1857 அடிபட்டுப் போயிற்று. வெளியே தெரிகிற இரண்டு குதிரைகளும் பழைய பாணி. குதிரையை உள்ளே மறைத்த ஆன்சன் - டீலி அமைப்பு 1875-ல் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் குதிரை வைத்த துப்பாக்கிகளைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எனவே குதிரையை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது.

குழலின் மேல் "பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று வெட்டியிருக்கிறது. ஆமாம், மவுண்ட் ரோடு கடிகாரக் கடையேதான். துப்பாக்கியும் விற்றார்கள். ஆனால் அது விற்றவர் பெயர், செய்தவர் பெயர் அல்ல. பாத்திரத்தில் கடைக்காரர் பெயர் வெட்டிக் கொடுப்பதைப் போலத்தான். பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இதில் நிறைய.

உண்மை குழலின் அடியில் இருக்கிறது. கடைக்காரர் குழலைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். இங்கிலாந்தில் குழல் வெடித்துக் கை போனவர்கள் ஏராளம். அதனால் விற்பதற்கு முன்பே அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதித்து, தாங்கிய குழலில் முத்திரை குத்துவது சட்டம். லண்டனில் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637-லேயே சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ம் வருஷச் சட்டத்தால் வந்தது. நம் குழலில் கிரீடத்தின் கீழ் குறுக்காக இரண்டு செங்கோல், பக்கத்தில் பி.பி.சி. என்ற எழுத்து. இது பர்மிங்காமின் பழைய முத்திரை, 1904-ல் மாற்றிவிட்டார்கள். இன்னொன்று, சாய்சதுரத்துக்குள் 12, அதன் கீழ் சி. இது 1887-ல்தான் வந்தது. கணக்கு எளிது: 1887-க்கும் 1904-க்கும் நடுவே பிறந்த துப்பாக்கி. இந்தப் பதினேழு வருஷத்தில் எது என்று, செய்தவரின் பேரேடு கிடைக்காமல் சொல்ல முடியாது. (1921-க்குப் பிறகு செய்ததாக இருந்தால், வருஷத்துக்கு ஓர் எழுத்து என்று பர்மிங்காம்காரர்களே குத்திவிடுவார்கள்.)

12 என்றால் என்ன என்று என் வகுப்பில் கேட்டிருந்தால் பிரம்பு பேசியிருக்கும்! குழல் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. எண் கூடினால் குழல் சிறுக்கும்.

குழலில் பாம்புத் தோல் போல் வரி ஓடுகிறதே, அது டமாஸ்கஸ் குழல். இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. பெயரை வைத்து இதை நம் தென்னாட்டு உருக்கோடு குழப்புகிறார்கள். கொடுமணலில் மூசையில் உருக்கிய எஃகு வேறு வித்தை. அதில் ஒட்டு வேலையே கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் குழலில் "நைட்ரோ" என்ற முத்திரை எங்கும் இல்லை. கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழல். இன்று கடையில் கிடைக்கும் தோட்டா புகையில்லா மருந்து, அழுத்தம் வேறு. மேலே பளபளப்பாக இருந்தாலும் ஒட்டுகளுக்குள் நூறு வருஷத் துரு இருக்கலாம். காட்டுப் பன்றிக்கு ஒரு வெடி போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிற தம்பிகளே, இடது கை குழலுக்கடியில்தான் இருக்கும், ஞாபகம் வையுங்கள்.

விலை? லண்டன் பர்டி மாதிரிப் பேர் பெற்றவர் கை வேலை என்றால் கதை வேறு. நம்முடையது நடுத்தரமான பர்மிங்காம் சரக்கு. குழலுக்குள் குழி விழுந்திருக்கிறது. பின்கட்டையை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். பழம்பொருளுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. 1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால் பழைய சீமைத் துப்பாக்கிகளுக்கு இங்கே கிராக்கி உண்டுதான். ஆனால் அது சுடக்கூடிய துப்பாக்கிக்கு. வாங்குகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே லட்சங்களை மறந்துவிடுங்கள். தரகர் சொன்ன விலைக்கும் தள்ளிவிட வேண்டாம். கடைக்காரரிடம் எழுத்தில் மதிப்பு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

மாமா மகன் தன் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறான். முடிவு வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும். லைசென்ஸ்காரர் காலமான பிறகு வீட்டுப் பரணில் வைத்திருந்தால் குற்றம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் குழலின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பூதக்கண்ணாடி தயாராக இருக்கிறது.