சரவணன் மீனாட்சி (தொலைக்காட்சித் தொடர்)

சரவணன் மீனாட்சி, விஜய் டிவியில் 2011 நவம்பரில் தொடங்கி 2018 வரை மூன்று சீசன்களாக ஒளிபரப்பான தமிழ்த் தொடர். காதல், கல்யாணம், அதன்பின் இரு வீட்டாருக்கும் இடையில் எழும் சிக்கல்கள் ஆகியவையே மூன்றிலும் கதை. சீசன் மாறும்போது பெரும்பாலான நடிகர்களும் குடும்பங்களும் மாறின; நாயகன், நாயகி பெயர்கள் மட்டும் தொடர்ந்தன. முருகனின் பெயரையும் அவன் தாயின் பெயரையும் காதல் ஜோடிக்குச் சூட்டியது தமிழ் வீடுகளில் யாருக்கும் உறுத்தவில்லை.

முதல் சீசனில் (2011–2013) வானொலித் தொகுப்பாளராக அறியப்பட்ட மிர்ச்சி செந்திலும் ஸ்ரீஜா சந்திரனும் நடித்தனர். இருவரும் அதற்கு முன்பே ‘மதுரை’ தொடரில் இணைந்தவர்கள். இங்கே கல்யாணம் கதையின் முடிவல்ல. கணவன் மனைவியான பிறகும் காதல் வளர்ந்தது. நேயர்களைக் கட்டிப்போட்டதும் அந்தப் பகுதிதான்.

காதலை நீட்டிச் சொல்லும் விதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தொடரான ‘ஃப்ரெண்ட்ஸ்’ (1994–2004) வாரம் ஒரு பகுதியாக வந்தது. ராஸ்–ரேச்சல் காதல் பத்து சீசன்கள் இழுத்தும் அதே இருவரின் கதையாகவே நின்றது. தமிழ் நாடகம் வார நாட்களில் தினமும் வருவது. ஒரு பார்வைக்கே முழு நிமிடம் கிடைக்கும்: அவன் நிமிர்வான், இசை எழும், அவள் முகம் அண்மைக் காட்சியில் வரும், கதவருகே நிற்கும் மாமியாரின் முகமும் வரும், பிறகு விளம்பரம். பேசித் தீர்க்கக்கூடிய சந்தேகம் பல வாரம் ஓடும். இதைக் குறை என்று தள்ளிவிடலாம். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் தம்பதிக்குத் தனிமை எவ்வளவு அரிது என்பதை இந்த இழுவை சரியாகவே காட்டியது.

இரண்டாம் சீசனில் (2013–2016) மீனாட்சியாக ரச்சிதா மகாலட்சுமி வந்தார். நாயகனாக முதலில் இர்ஃபானும் பின்னர் கவினும் நடித்தனர். கவின் ‘வேட்டையன்’ என்ற பெயரால் நேயர் மனதில் பதிந்தார். மூன்றாம் சீசனில் (2016–2018) ரச்சிதாவுக்கு ஜோடி ரியோ ராஜ். ஒரே மீனாட்சி, மாறிவரும் சரவணன்கள் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு காதலும் அறிமுகத்திலிருந்து மறுபடி தொடங்கியது. புதுமுகங்களுக்கு அது வாய்ப்பு. முதல் ஜோடியிடம் இருந்த இயல்பான நெருக்கம் பின்னவற்றில் அவ்வளவாகக் கைகூடவில்லை.

இலங்கையின் மாத்தளை மாவட்டத் தமிழர்களுக்கு இத்தகைய நாடகங்கள் அன்றாடப் பழக்கம். மாத்தளை, இறத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் கூரைகளின் மேல் டிஷ் அன்டெனாக்களைக் காணலாம். தமிழகத் தொடர்கள் அவற்றின் வழியே வீட்டுக்குள் வருகின்றன. 2006இல் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பியதால் சென்னையிலும் மாத்தளையிலும் ஒரே மணிக்குத்தான் நாடகம். தேயிலையும் இறப்பரும் சார்ந்த அந்த வாழ்க்கையிலிருந்து இதுபோல் பல சீசன் ஓடும் தமிழ்க் காதல் தொடர் ஒன்று வரவேண்டும். கதைக்கு அங்கே பஞ்சமில்லை.

இத்தொடரின் முதல் ஜோடியான செந்திலும் ஸ்ரீஜாவும் 2014இல் நிஜ வாழ்விலும் மணந்துகொண்டு, 2016இல் தொடங்கிய ‘மாப்பிள்ளை’ தொடரில் மறுபடி ஜோடியாயினர். கவினும் ரியோவும் திரைப்பட நாயகர்களானார்கள். முதல் சரவணனான செந்திலும் பிந்தைய மீனாட்சியான ரச்சிதாவும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ தொடரின் இரண்டாம் சீசனில் சேர்ந்து நடித்தனர்.