முதலெழுத்துக்குப் பொருள் தந்தோர் யார்?

நம் மரபினர் தம் முன்னோர் பெருமையை எடுத்துரைக்குங்கால் கோயில் திருப்பணிகளையும், அறக்கட்டளைகளையும், தறியில் விளைந்த பட்டின் மேன்மையையும் விரித்துக் கூறுவர். அவையெல்லாம் கூறத்தக்கனவே. ஆயினும், நம் சிறார் முதலெழுத்தைக் கற்பதற்கு எந்தக் காலத்தில் எவர் பொருள் தந்தனர், எவர் தர மறுத்தனர் என்னும் வரலாறு ஒன்றுண்டு. அதனை நம்மவர் பலரும் அறிந்திலர். அவ்வரலாற்றை அறியாதவர் இன்று அரசாங்கத்தார் கல்விக்கென ஒதுக்கும் பொருளைத் தமக்குரிய உரிமையாகக் கேட்கவும் மாட்டார். கிடைத்ததைக் காக்கவும் மாட்டார். ஆதலின் இத்திங்கள் அதனைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

ஆரணியைச் சூழ்ந்த நெசவூர்களின் நடுவே, சவ்வாது மலையின் அடியில் அமைந்த நமது படவேடு, சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கியது. படைவீடு என்பதே அதன் பழம்பெயர். அரசர் வாழ்ந்த ஊரினர் ஆதலின், அரசர் கல்விக்குப் பொருள் தரவில்லையோ என நம்மவர் வினவுதல் இயல்பே. தந்தனர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட பெருங்கல்லூரி ஒன்றிற்கு 45 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுகின்றது. எனினும் அஃது வேதமும் இலக்கணமும் மீமாஞ்சையும் பயில்வோர்க்கான உயர்கல்வி நிலையம். தறியோரத்துக் குழந்தை அகரம் எழுதுதற்கு அந்நிலத்தின் நெல் வந்ததில்லை. முதற்கல்விக்குப் பெற்றோரே பொருள் தர வேண்டும் என்பதே அன்றைய வழக்கு.

அவ்வழக்கின் உருவமே திண்ணைப் பள்ளிக்கூடம். ஆசிரியர்க்கு அரசனிடமிருந்து சம்பளமில்லை. பெற்றோர் தந்த சில அணாக்களும், தானியமும், திருநாட் காணிக்கைகளுமே அவருக்கு வருவாய். சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஓலைக்குச் சென்றனர். எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். மூத்த மாணாக்கன் இளைய மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுவான். சென்னையில் ஆதரவற்ற சிறார் பள்ளியொன்றை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து கைக்கொண்டு, 1797ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரால் அஃது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிற் பரவிற்று. ஓர் ஆசிரியரைக் கொண்டே பலருக்குக் கற்பிக்கலாம், செலவு குறையும் என்பதே அங்குள்ளார் அதனை விரும்பியதற்குப் பெருங்காரணம். ஏழைப் பிள்ளையின் கல்வி மலிவாக முடிய வேண்டும் என்னும் எண்ணம் எந்நாட்டிற்கும் பொதுவாகவே இருந்ததென்பது இதனாற் புலனாகும்.

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன என முதன்முதல் கணக்கெடுக்கச் செய்தவர் கவர்னர் சர் தாமசு மன்றோ. 1822ஆம் ஆண்டு அவர் இட்ட கட்டளைப்படி கலெக்டர்கள் கணக்கு அனுப்பினர். 1826 மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பில், 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தனவென்றும், அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர் என்றும் காண்கின்றோம். அதாவது ஏறக்குறைய 68 பேரில் ஒருவரே பள்ளி சென்றார். ஆசிரியர்க்கு மாத வருவாய் ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை; இச்சிறு வருவாய்க்குத் தகுதியுடையோர் எவரும் இத்தொழிலை நாடார் என்பதனை மன்றோ நன்கு உணர்ந்திருந்தார். கலெக்டர் ஊர்களிலும் தாலூகா ஊர்களிலும் பள்ளி வைத்து, முன்னையதன் ஆசிரியர்க்கு மாதம் 15 ரூபாயும், பின்னையதன் ஆசிரியர்க்கு 9 ரூபாயும் சர்க்காரே தரவேண்டுமென்று அவர் திட்டமிட்டார். புத்தகச் செலவும் சேர்த்து ஆண்டிற்கு 48,000 ரூபாய் ஆகுமென்பது அவர் கணக்கு. அத்தொகையை அன்று பள்ளியிற் பயின்ற பிள்ளைகளின் தொகையால் வகுத்துப் பார்த்தோம். பிள்ளை ஒன்றிற்கு ஆண்டிற்கு நாலணா ஆகின்றது. அந்த நாலணாவும் நிலைக்கவில்லை. மன்றோ 1827இல் காலரா நோயால் இறந்தார். 1836ஆம் ஆண்டில் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. மேற்குலத்தாரும் செல்வரும் ஆங்கிலம் கற்றால் அறிவு தானே கீழே வடிந்து வருமென்பது அக்காலத்து ஆட்சியாளர் கொள்கை. எண்ணாயிரத்துப் பழைய வழக்கே ஆங்கில உடை பூண்டு வந்ததெனலாம். நீர் மேல்மடையிலேயே நின்றது, கடைமடை வறண்டது.

1854ஆம் ஆண்டில் சர் சார்லசு உட்டு அனுப்பிய கல்விக் கட்டளை இக்கொள்கையை மாற்ற முயன்றது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்குச் சர்க்கார் உதவிப்பணம் அளிக்கும் முறை அதனின்றும் பிறந்தது. திண்ணைப் பள்ளிகளும் சிறிது சிறிதாக அம்மானியத்தின் கீழ் வந்தன. ஆனால் 1860களிலிருந்து அம்மானியம் பெரும்பாலும் தேர்ச்சியை அளந்தே கொடுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வருவார், படிக்கச் சொல்லுவார், எழுதச் சொல்லுவார், கணக்குப் போடச் சொல்லுவார். தேறிய பிள்ளைக்குத் தக்கபடி ஆசிரியர்க்குப் பணம். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் இராபர்ட்டு லோ என்பார் புகுத்திய முறையே இது.

இம்முறையால் நெசவாளர் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. பட்டுத்தறியில் ஒருவர் மட்டும் அமர்ந்து வேலை முடிப்பதன்று. தார் சுற்ற ஒருவர் வேண்டும். பாவு விரிக்கும் நாளில் வீடு முழுவதும் தெருவில் நிற்க வேண்டும். கரை கோத்து நெய்யும் சேலைக்கு மறுபக்கத்தில் நாடா வீச ஒரு சிறு கை வேண்டும். அச்சிறு கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையினுடையதே. பெண் பிள்ளைகளோ தாரும் இராட்டினமுமாகவே வளர்ந்தனர். நாள்தோறும் பள்ளிக்கு வர இயலாத பிள்ளை சோதனையில் தேறுவதெங்ஙனம்? தேறாத பிள்ளையால் ஆசிரியர்க்கு வருவாயில்லை. வருவாய் தாராத பிள்ளையை ஆசிரியர் வருந்தி அழைப்பாரோ? பொருள் எங்கே மிகுதியாக வேண்டுமோ அங்கே குறைவாகவும், குறைவாக வேண்டிய இடத்தில் மிகுதியாகவும் சென்றதே அம்முறையின் பிழை. 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானத்தால் அது நீங்கும் வழி பிறந்தது.

அடுத்து எழுந்த வினா, கல்வியைக் கட்டாயமாக்கலாமோ என்பது. 1911இல் கோபாலகிருஷ்ண கோகலே கொணர்ந்த மசோதா மறு ஆண்டே தோற்கடிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறி, ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி விதிக்கவும் கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் இடந்தந்தது. அதே ஆண்டில் சென்னை நகராட்சியார் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஒரு புதுமை செய்தனர். நாளொன்றிற்குப் பிள்ளைக்கு ஓரணாவிற்கு மேற்படாமல் நடுப்பகல் உணவளித்தனர். சர். பிட்டி தியாகராயர் அந்நகராட்சியின் தலைவராக இருந்த காலம் அது. மன்றோவின் திட்டத்தில் ஓராண்டிற்கு ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய பொருள், இங்கே நான்கு நாள் உணவாயிற்று. ஆனால், ஆரம்பக் கல்வி நிதியைச் சோற்றிற்குச் செலவிடல் கூடாதென்று அரசாங்கத்தார் 1925இல் தடுத்தனர். எழுதுகோல் கல்விச்செலவு, சோறு கல்விச்செலவன்று என்பது அவர்தம் கணக்கு முறை. பசித்த பிள்ளையின் கணக்கு முறை வேறன்றோ! சில ஆண்டு கழித்து அவ்வுணவு மீண்டும் தொடங்கிற்று.

விடுதலைக்குப் பின் நம் மரபினரை நேரே தொட்ட நிகழ்ச்சி 1953ஆம் ஆண்டினது. முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றிற்கு மூன்று மணி நேரமே பள்ளி என்றும், எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகலாம் என்றும் ஒரு திட்டம் கொணர்ந்தார். ஒரே கட்டிடத்தில், உள்ள ஆசிரியரைக் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளைப் படிப்பிக்கலாம். பொருள் முட்டுப்பாடுள்ள காலத்தில் அதுவே வழி என்பது அவர் கூறிய நியாயம். தொழிலை இழிவாகக் கருதாமை நன்றே. நாமும் தறியை இழிவென்று கருதினோமல்லேம். ஆயின் நெசவாளர் பிள்ளைக்குத் தறியைப் பழக்கச் சர்க்கார் உதவி வேண்டுவதில்லை. தறியிலிருந்து சில ஆண்டு விடுவிக்கவே உதவி வேண்டும். தந்தையின் தொழிலே மகனுக்கென்று அரை நாட்பள்ளி முடிவு செய்துவிடுமென நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் நீங்கினும் பொருள் முட்டுப்பாடு நீங்கவில்லை. காமராசரும் பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களும் அதற்கு வேறு விடை கண்டனர். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. பின்னர் ஓர் உணவிற்குப் பத்துக் காசு என்று வகுத்து, ஆறு காசை அரசும் நாலு காசை ஊராரும் ஏற்றனர். பிள்ளை தறியில் அமர்ந்து ஈட்டும் சிறு கூலிக்கு ஈடாகப் பள்ளியே ஒரு வேளைச் சோறு தருமாயின், பெற்றோர் மனம் மாறும் என்பதே அதன் உட்பொருள். 1982 சூலை முதல் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்து, இரண்டு வயதுக் குழந்தை வரை சென்றது. 2022ஆம் ஆண்டு முதல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது.

இனி ஆறு வயதிற்குட்பட்ட குழந்தையைக் கருதுவோம். அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு முதலில் பதினான்கு வயது வரை எல்லாச் சிறார்க்கும் பத்தாண்டுகளில் இலவசக் கட்டாயக் கல்வி தர முயலுமாறு பணித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதினர்க்கு அதனை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதிற்குட்பட்டோரை முயற்சி என்னும் அளவிலேயே நிறுத்தியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் அவ்வாறே. அங்கன்வாடிகளோ 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டத்தின் பயனாய் எழுந்தவை. 2019இல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. எனவே முதலெழுத்து கற்கும் பருவமே இன்றும் சட்டத்தின் காவல் குறைந்த பருவமாக உள்ளது. வசதியுடையோர் மூன்று வயதிலேயே பணங்கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். வசதியில்லாத நெசவாளர் வீட்டுக் குழந்தை ஆறு வயதில் அப்பிள்ளையோடு ஒரே வகுப்பில் அமருங்கால், மூன்றாண்டு பின்னே நின்று ஓடத் தொடங்குகின்றது.

வேறொரு சட்டத்தையும் நம்மவர் அறிதல் வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதிற்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாதென்கின்றது. ஆயினும் பள்ளி நேரம் கழிந்தும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவ இடந்தருகின்றது. அவ்விடம் சிறு சாளரம் போன்றது. அதனை வாயிலாக்கி விடுதல் நம் கையிலேயே உள்ளது. அச்சாளரத்தின் அருகே தறி இருக்கும் வீடுகள் நம் வீடுகளேயாம்.

அரசாங்கப் பொருள் ஒருமுறை வந்தால் என்றும் வருமென்று எண்ணலாகாது. மன்றோவின் பள்ளிகள் மறைந்ததும், ஓரணாச் சோறு நின்றதும் பழங்கதையன்று. 2024-25ஆம் ஆண்டிற்குரிய சமக்ர சிக்ஷா நிதி ஈராயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நடுவண் அரசு விடுவிக்கவில்லையெனத் தமிழ்நாட்டரசு 2025இல் உச்ச நீதிமன்றம் சென்றது நம் கண்முன் நிகழ்ந்தது.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பத்தார் செய்யத்தக்கன இரண்டு. மூன்று வயது நிரம்பிய குழந்தையை, ஆணாயினும் பெண்ணாயினும், அங்கன்வாடிக்கு நாள் தவறாது அனுப்புக. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்திற் பாதியினர் பெண்டிர். அக்குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்திற்கு அடிப்படையென்று அச்சட்டம் வகுத்துள்ளது. சோழன் காலத்தில் நம்மைக் கேட்டவரில்லை. மன்றோ காலத்தில் கலெக்டரைக் கேட்டனர். இன்று சட்டம் தாயையும் தந்தையையும் கேட்கின்றது. பாவு விரிக்கும் நாளில் ஒருவரும் தவறாது தெருவில் நிற்கும் நம்மவர், அக்குழு கூடும் நாளிலும் அங்ஙனமே தவறாது சென்று நிற்பாராக.