நாட்குறிப்பாசிரியரும் ஆளுநர் மனைவியும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் பயில்வார், புதுச்சேரியில் நிகழ்ந்த தீங்குகள் பலவற்றுக்கும் மதாம் துய்ப்ளேயே வித்து என்று எளிதில் துணிவர். யாமும் முதற்கண் அவ்வாறே துணிந்தோம்.

ஆயின் எழுதுபவர் யார் என்பதனை மறத்தல் ஆகாது. 1746இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்தபின், அப்பதவியை நாடியவருள் பிள்ளையும் ஒருவர். அதற்கு அவ்வம்மையார் இடையூறாக நின்றார் என்று கூறுபவரும் அவரே. வழக்காடுவோரும் சான்று பகர்வோரும் ஒருவரேயாக அமைந்த நிலை இது.

1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆணையிடும் அதிகாரம் ஆளுநர் துய்ப்ளேக்கு உரியது. எனினும் நாட்குறிப்பில் சினம் மிகுதியும் பாய்வது அவர் மனைவியின் மீதும் இயேசு சபைக் குருமார் மீதுமே. பிள்ளையின் பதவியும் வாணிகமும் ஆளுநரின் அருளைச் சார்ந்திருந்தன. தலைவனைப் பழிக்கக் கூசும் நெஞ்சு, அப்பழியை அவன் அருகிருப்பார் மேல் ஏற்றுதல் இயல்பே. பிள்ளை பொய் கூறினார் என்பது எம் கருத்தன்று. கோயில் இடிந்தது மெய். அம்மையார் அதனை விரும்பினார் என்பதை மறுத்தற்கும் காரணம் கண்டிலோம். பழியைப் பங்கிட்ட முறையே ஐயத்துக்கு இடமாவது.

மதாம் துய்ப்ளே புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேச வல்லவர். ஆயினும் தமிழ் வாசகர் அவரை அறிவது பெரிதும் பிள்ளை எழுதிவைத்த உரையாடல்களின் வழியேதான்.