ஓடை இல்லை எண்டு சொன்னவர்

இலக்கிய உத்திகளைக் கொப்பியில எழுதிப் பாடமாக்கின ஆக்களுக்கு 'நனவோடை' கட்டாயம் தெரிந்திருக்கும். ஒரு பாத்திரத்தின் மனதில் நினைவுகள் வருகிற ஒழுங்கிலேயே, ஆசிரியர் இடையில் புகுந்து விளக்காமல், கதையைக் கொண்டுபோவது. கீழே உதாரணம்: ஜேம்ஸ் ஜோய்ஸ், வேர்ஜீனியா வூல்ஃப். நானும் அப்படித்தான் பாடமாக்கினேன்.

ஆனால் இந்தச் சொல்லை நாவலுக்குக் கொண்டுவந்த மதிப்புரை இவர்கள் இருவரையும் பற்றியதில்லை. உளவியலில் இருந்த சொல் அது. வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட நூலால் பரவியது. 1918 ஏப்ரலில் மே சின்க்ளேயர் 'தி ஈகோயிஸ்ட்' இதழில் அதைப் பயன்படுத்தியது டொறதி றிச்சட்சனின் நாவல்களைப் பற்றி எழுதும்போது.

றிச்சட்சன் லண்டனில் ஒரு பல் வைத்தியரிடம் கிழமைக்கு ஒரு பவுண் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அவருடைய முதல் நாவல் 'பொயின்ரட் றூஃப்ஸ்' 1915 இல் வந்தது. 17 வயது மிரியம் ஜேர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறாள். கதை எண்டு பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் மிரியத்துக்குத் தெரியாத எதுவும் எங்களுக்கும் தெரியாது. புது ஆள் ஒருவர் அறைக்குள் வந்தால் அவர் யார் எண்டு ஒருத்தரும் சொல்லித்தர மாட்டினம். அவள் அறிகிற வேகத்திலதான் நாங்களும் அறியவேணும். உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகுதான், பழக்கமில்லாத வீட்டுக்குள்ள போய் நிக்கிற மாதிரியான அந்தத் தடுமாற்றமே நாவலின் வேலை எண்டு விளங்கினது.

'யுலிசிஸ்' நூலாக வந்தது 1922 இல், 'மிஸிஸ் டலோவே' 1925 இல். றிச்சட்சன் பெண்ணின் மனதுக்கேற்ற ஒரு வாக்கியத்தை உருவாக்கியிருக்கிறார் எண்டு 1923 இல் எழுதியதே வூல்ஃப்தான். பிறகு ஏன் எங்கட கொப்பியில அவருடைய பேர் இல்லை? 'பில்கிறிமேஜ்' எண்ட தொடர் 13 பாகம், அது ஒரு காரணம். ஆனால் நீளத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டப்ளினில் ஒரு ஆள் ஒரு நாள் முழுக்கத் திரிகிறதைக் காவியமாக வாசிக்கிறவை, ஒருத்தி வாடகை அறையில இருந்து சம்பளத்தைப் பற்றி யோசிக்கிறதை அலுப்பு எண்டு தள்ளிவைக்கினம்.

றிச்சட்சனுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. மனம் ஓடையில்லை, ஆழமான கடல் எண்டது அவருடைய வாதம். 1957 இல் இறந்தார். கடைசிப் பாகம் 1967 இல்தான் அச்சானது.