புளூயி விளையாட்டு: பெற்றோர் வாங்குமுன்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உருவாகி 2018இல் ஒளிபரப்பான ‘புளூயி’ கார்ட்டூனின் நாய்க்குட்டிகளை நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அறிவார்கள். அதைத் தழுவிய வீடியோ கேம் 2023 நவம்பரில் வெளிவந்தது. நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றில் ஆடலாம்.

புளூயி, தங்கை பிங்கோ, அப்பா பாண்டிட், அம்மா சில்லி ஆகிய நால்வரில் ஒருவராகி வீடு, விளையாட்டுத் திடல், ஓடை, கடற்கரை எனச் சுற்றி வரலாம். பலூன் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருப்பது, தரையை எரிமலைக் குழம்பாக நினைத்து அதில் கால் படாமல் தாவுவது போன்ற ஆட்டங்கள்தாம் இதில் உள்ளவை. துப்பாக்கி, இரத்தம் எதுவும் கிடையாது. குதிக்க, தள்ள, தூக்கத் தெரிந்தால் போதும். விளையாட்டுக் கருவியைத் தொட்டே பார்க்காத பாட்டியும் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரே திரையில் நால்வர் வரை ஆட முடியும். இணையவழி ஆட்டம் இல்லை. முகம் தெரியாதவர் யாரும் பிள்ளையோடு பேச வழியில்லை. ஆனால், ஆளுக்கொரு கண்ட்ரோலர் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

குறை விலையில்தான். வெளிவந்தபோது அமெரிக்காவில் 39.99 டாலர். கதையோ நான்கே அத்தியாயங்கள். பெரியவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். விமர்சகர்கள் பலரும் இதைத்தான் குறை கூறினர். ஐந்து வயதுப் பிள்ளை அதே பலூனை நூறு முறை தட்டும் என்பது வேறு விஷயம். பத்து வயதுக்காரருக்கு வாங்கவே வேண்டாம். சிறிய பிள்ளைக்கென்றால், தள்ளுபடி வரும்வரை பொறுத்திருக்கலாம்.