குளியலறையில் போட்ட கணக்கு

1979இல் எனக்குக் காசநோய் என்று சொன்னபோது வயது 22. ஒன்றரை வருஷ மருந்து. முதல் சில மாதம் தினமும் ஊசி, இடுப்பு கன்றிப்போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்த பகல்களைத்தான் பொறுக்க முடியவில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அம்மா உதிரி மல்லியைக் கூடையோடு கொண்டுவந்து முன்னால் வைத்தார். "சும்மா கெடக்காம இதக் கட்டுடா." நனைத்த வாழைநார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முதல் நாள் அரை முழம்கூடத் தேறவில்லை. நாலு முழம் கட்டிய அன்று பசித்தது.

எனக்காவது மருந்து இருந்தது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் குளிர்ந்த காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் வைத்தியம். 1917இல் காசநோய் வந்ததாகக் கருதப்பட்ட கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில், சவுரிமுத்து என்ற நம்மூர் மருத்துவரின் சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், இருந்தார். பிறகு அங்கேயே மேட்லாக் என்ற ஊரில் இன்னொரு சானடோரியத்தில். குளிர், ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, பேச ஆளில்லாத தனிமை. 1918 தொடக்கத்தில் லண்டனில் உயிரை விடவே முயன்றார். அதே மனிதர்தான் மேட்லாக்கிலிருந்து தன் கணித நண்பர் ஹார்டிக்கு எழுதினார்: குளியலறை கதகதப்பாக இருக்கிறது, தாளும் பேனாவுமாகத் தினமும் அங்கே போய்க் கொஞ்சநேரம் கணக்குப் போடப் போகிறேன் என்று. அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பூக்கூடை நினைவுக்கு வந்தது.

அந்தச் சவுரிமுத்துவே 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, சத்துக் குறைந்த சாப்பாடு. ஆனாலும் அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானபின் உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறத் தொடங்கியது. குணமாக்கியது மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மருந்தைக் கடைசிவரை விழுங்கும் மனசை எனக்குக் கொடுத்தது அம்மாவின் பூக்கூடை.

உங்கள் வீட்டில் நீண்டநாள் வைத்தியத்தில் யாராவது இருந்தால், கைக்கு ஒரு வேலை கொடுத்து அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.