வாக்காளர் பட்டியலும் பழைய முகவரியும்

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆகியும், அடையாளக் கார்டில் பழைய தோட்டத்தின் முகவரியையே வைத்திருக்கும் குடும்பங்கள் ஜொகூரில் உண்டு. அந்த முகவரிக்கும் நம் வாக்குக்கும் என்ன தொடர்பு? அதில் தவறு இருந்தால் நீதிமன்றம் திருத்துமா? வரலாற்றின் வழி பார்ப்போம்.

1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாவில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அன்று வாக்காளர்கள் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். தோட்டத்தில் உழைத்த நம்மவரில் மிகப் பலருக்கு வாக்கில்லை. காரணம், குடியுரிமை இல்லை. 1957இல் சுதந்திரம் வந்தபின் குடியுரிமையின் கதவு அகலத் திறந்தது. ஆனால் அரசியலமைப்பின் 119ஆம் விதி இன்னொரு நிபந்தனையையும் வைத்தது. வாக்காளர் அந்தத் தொகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பதே அது. ஆகவே, யார் என்ற கேள்வியோடு எங்கே என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பட்டியலைப் பற்றிய பெரிய வழக்கு சபாவில் எழுந்தது. 1999இல் லிக்காஸ் சட்டமன்றத் தொகுதியில் நடந்த தேர்தலை எதிர்த்து முன்னாள் முதலமைச்சர் ஹாரிஸ் சாலே உள்ளிட்டோர் மனுச் செய்தனர். தகுதியற்றவர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தன என்பது அவர்கள் வாதம். நீதிபதி முகமது கமில் அவாங் பட்டியலையே ஆராய்ந்து பார்த்தார். 2001 ஜூன் மாதம் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

மறு ஆண்டே, 2002இல், தேர்தல் சட்டத்தில் 9A என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பட்டியல் உறுதி செய்யப்பட்டு அரசிதழில் வெளிவந்துவிட்டால் அதுவே முடிவானது. எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது அப்பிரிவு. லிக்காஸில் திறந்த கதவு மூடப்பட்டது. இதில் இரு பக்கம் உண்டு. வீடு மாறிய ஓர் ஏழையின் பெயரை வாக்களிப்பு நாளில் எவரும் வழக்காடி நீக்க முடியாது. அதேபோல், தவறாக நுழைந்த பெயரையும் பிறகு வழக்குப் போட்டு நீக்க முடியாது.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகின்றனர். புதிதாகச் சேர்வோருக்கு அடையாளக் கார்டு முகவரியே தொகுதியைத் தீர்மானிக்கிறது. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளையின் கார்டில் தாத்தாவின் தோட்டம் இருந்தால், அவன் வாக்கும் அங்கேதான்.

இம்முறையில் நடந்த முதல் தேர்தல் நம் ஜொகூரின் சட்டமன்றத் தேர்தலே. 2022 மார்ச் 12 அன்று ஏறத்தாழ 26 லட்சம் வாக்காளரில் 55 விழுக்காட்டினரே வாக்களித்தனர். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலும் வந்தது. பழைய முகவரியில் இருந்தவர்கள் ஒரே ஆண்டில் இருமுறை பயணம் போக வேண்டியிருந்தது. ஒருநாள் கூலியும் பஸ் காசும் போகுமே என்று எண்ணுகிறவருக்கு இது எளிதா? நகராண்மைத் தேர்தல்களும் 1965இல் நிறுத்தப்பட்டுவிட்டன. மிஞ்சியிருப்பவை இந்த இரு வாக்குகளே. நாம் குடியிருக்கும் இடத்தின் சாலைக்கும் பள்ளிக்கும் பேச வேண்டிய வாக்கு வேறோர் ஊரில் கிடந்தால் இழப்பு யாருக்கு?

ஆகவே, வழக்கை நம்பியிராமல் முன்கூட்டியே செயல்படுவதே நல்லது. வீடு மாறினால் தேசியப் பதிவு இலாகாவில் அடையாளக் கார்டின் முகவரியை மாற்ற வேண்டும். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் அதோடு நின்றுவிடாமல், வாக்களிக்கும் இடத்தை மாற்றும்படி தேர்தல் ஆணையத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். துணைப் பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும்போது பெயர் விடுபட்டிருந்தால் கோரிக்கையும், தவறான பெயர் இருந்தால் ஆட்சேபமும் தரலாம்.

நம் முன்னோர் குடியுரிமைத் தாளுக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். அவர்கள் பெற்றுத் தந்த உரிமை ஒரு பழைய முகவரியில் முடங்கிக் கிடக்கலாமா? இன்றே வீட்டிலுள்ள எல்லாருடைய கார்டையும் எடுத்துப் பார்ப்போம்.